கல் போட்டால் சத்தம் வராத இடம்

வருஷத்தின் கடைசி நாளன்று எங்கள் ஊர்க் கோயிலில் ஓர் அறிக்கை வாசிப்பார்கள். விராலிமலையிலிருந்து ஆவூர்ப் பக்கம் போகிற பாதையில் உள்ளே தள்ளிக் கிடக்கிற சின்ன ஊர் எங்களுடையது. கோயில் என்றால் மாதாவுக்கு ஓடு போட்ட ஒரு கூடம், ஒரு மணி, அவ்வளவுதான். ஃபாதர் நடுச்சாமப் பூசைக்குப் பெரிய கோயிலுக்குப் போக வேண்டும் என்பதால் எங்களுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கே நன்றி வழிபாட்டை முடித்துக் கொடுத்துவிடுவார். முடியப்போகிற வருஷத்தில் நடந்ததையெல்லாம் ஒருவர் வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் ஊரே சேர்ந்து "நன்றி ஆண்டவரே" என்று சொல்லும்.

அந்த அறிக்கையை எழுதுவது நான். இந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில்தான் வேலை பார்க்கிறேன். இந்த ஊருக்கே வாக்கப்பட்டும் வந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், என் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். இந்த இரண்டு குற்றத்துக்காக அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். உலகம், நாடு, ஊர் என்று மூன்று பகுதி. உலகத்தையும் நாட்டையும் செய்தித்தாளிலிருந்து பொறுக்கி எழுதுவேன். ஊரைத் தெருத் தெருவாகக் கேட்டு எழுதுவேன்.

முதல் வருஷமே கோயில் கணக்கப்பிள்ளை என்னிடம் ஒரு விதி சொன்னார். "நன்றி சொல்லத் தக்கதை மட்டும் எழுதுங்க டீச்சர். இல்லாததையும் பொல்லாததையும் எழுதுனா சனம் எதுக்கு நன்றி சொல்றதுன்னு முழிக்கும்." நியாயமாகத்தான் பட்டது. அதனால் எங்கள் ஊர் அறிக்கையில் யாரும் பரீட்சையில் தோற்றதில்லை, எந்தக் கல்யாணமும் முறிந்ததில்லை, எந்த மாடும் செத்ததில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை நான் வருஷத்துக்கு ஒரு தடவை, சாமி முன்னாலேயே, சத்தமாகச் செய்துகொண்டிருந்தேன்.

ஊர்ப் பகுதியில் எல்லோரும் காத்திருப்பது ஒரு வரிக்கு. "இவ்வாண்டு நம் ஊரில் போடப்பட்ட புதிய ஆழ்துளைக் கிணறுகள்" என்று ஆரம்பித்து எண்ணிக்கையைச் சொல்வேன். நன்றி ஆண்டவரே என்கிற குரல் அங்கேதான் ஓங்கும். வானம் பார்த்த பூமி இது. கண்மாய் நிறைந்து பார்த்த வருஷங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒருவன் போர் போடுகிறான் என்றால் வண்டி வருவதற்கு முந்தின நாள் ஃபாதர் வந்து அந்த இடத்தில் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். தண்ணீர் வந்ததா இல்லையா என்று அறிக்கை கேட்காது. போர் போட்டாலே கணக்கு. நன்றியை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னாலேயே தண்ணீர் வந்துவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

வராமல் போனவற்றை என்ன செய்வார்கள்? மேலே இறக்கிய கேசிங் பைப்பை உருவி எடுத்து அடுத்த போருக்கு வைத்துக்கொள்வார்கள். ஓட்டையின் வாயில் ஒரு சாக்கு, சாக்கின் மேல் ஒரு கல். மண்ணள்ளிப் போட்டு மூட மாட்டார்கள். மந்திரித்த இடம் அது. ஒரு நல்ல மழை பெய்தால் ஊற்றுக் கண் திறக்கும், அதை நாமே குருடாக்குவதா என்பார்கள். வேறு ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது விசுவாசம். நானும் அப்படித்தான் நினைத்தேன். படித்தவள் என்று சொல்லிக்கொள்ள இந்த விஷயத்தில் எனக்கு யோக்கியதை இல்லை.

இப்படி எழுதிய நோட்டுகளில் இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் வருஷத்து நோட்டை மட்டும் நான் பீரோவில் வைப்பதில்லை. சமையல்கட்டு அலமாரியில், கண்ணில் படுகிற மாதிரி இருக்கிறது.

அந்த வருஷம் ஆரம்பித்தபோது நல்ல வருஷம் என்றுதான் நினைத்தோம். தை மாதம் விராலிமலையில் நடந்த ஜல்லிக்கட்டில் அவிழ்த்துவிட்ட காளைகளின் கணக்கு உலக சாதனை என்றார்கள். எங்கள் தெருவிலிருந்தே ஒரு காளை போனது. நம்ம ஊர்ப் பெயர் உலகத்துக்கே தெரிந்துவிட்டது என்று ஒரு வாரம் பேச்சு. அதே நாளில் அதே திடலில் உயிரும் போனது. நோட்டில் சாதனையை மட்டும் குறித்துக்கொண்டேன்.

மாசி பங்குனியிலேயே கண்மாய் வறண்டு வெடித்துவிட்டது. பெரிய வியாழனுக்கு முன்னால் எங்கோ பாரிஸில் பழைய மாதா கோயிலின் கூரை எரிவதை டி.வி.யில் காட்டினார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டார்கள். அந்த வாரமே பாஸ்கா நாடகம் பார்த்துவிட்டு, ஈஸ்டர் பூசையும் கண்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கறி வேகிறதா என்று நான் மூடியைத் திறந்து பார்க்கிற நேரத்தில் என் வீட்டுக்காரர் செல்போனை நீட்டினார். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், எங்களைப் போலவே புதுத் துணி உடுத்திப் பூசைக்குப் போனவர்கள் குண்டுவெடித்துச் செத்துக் கிடந்தார்கள். அன்றைக்கு அந்தக் கறியை யாரும் தொடவில்லை. வருஷம் ஏதோ ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

சித்திரைக் கடைசியில் என் வீட்டுக்காரர் எங்கள் கொல்லையில் போர் போட்டார். ஃபாதர் வந்து மந்திரித்தார். வண்டி ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஓடியது. வெறும் புழுதி. பக்கத்து முருங்கை, வேம்பு எல்லாம் மாவு பூசியது போல வெள்ளையாகிவிட்டது. அவர் முகத்திலும் அதே புழுதி. கண்ணுக்குக் கீழே மட்டும் ஈரமாக இருந்தது, வேர்வை என்றார். நான்கு நாள் கழித்து, "அதை மூடியாச்சா?" என்று கேட்டேன். "மூடியாச்சு, மூடியாச்சு" என்றார். தோற்றுப் போன மனுஷனிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

அந்தக் கோடையில்தான் கரிமூட்டம் போடுகிற ஒரு குடும்பம் எங்கள் ஊருக்கு வந்தது. ஊருக்குக் கிழக்கே சீமைக்கருவேல முள் காடாக மண்டிக் கிடக்கும். திருச்சிக்காரர்கள் பிளாட் போட வாங்கி, கல் ஊன்றிவிட்டு, பிறகு திரும்பியே பார்க்காத நிலம். அந்த முள்ளை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்க ராமநாதபுரம் பக்கத்திலிருந்து புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள் வந்து தார்ப்பாய்க் கூடாரம் போட்டார்கள். என் மகளுக்கு அப்போது நான்கு வயசு நிரம்பியிருந்தது. பள்ளிக்கூடம் லீவு. அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து கரிக்காடு, முள்ளுக்காடு என்று சுற்றிவிட்டு, சாயங்காலம் கரிக்குருவி போல வந்து நிற்பாள். நான் திட்டிக்கொண்டே குளிப்பாட்டுவேன். ஆனி பிறந்ததும் அந்தக் குடும்பம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டது. மகள் இரண்டு நாள் அழுதாள்.

பிறகு சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது. எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது, பட்டணத்துக்காரனும் குடத்தோடு நிற்கிறானே என்று ஒரு அற்ப சந்தோஷம். ஊர்ப் பெண்கள் செல்போனில் பாட்டுக்கு வாயசைத்து வீடியோ போடுவதில் மும்முரமாக இருந்தார்கள். ஃபாதர் பிரசங்கத்தில் கண்டித்தார். கண்டித்ததையும் ஒருத்தி வீடியோ எடுத்தாள். ஆவணியில் நிலாவில் இறங்கப் போன நம் நாட்டுக் கலம் கடைசி நேரத்தில் பேச்சை நிறுத்திக்கொண்டது. திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, "அது விழுந்துருச்சா டீச்சர், இல்ல எங்கயாவது மாட்டிக்கிட்டு இருக்கா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அறிக்கைக்காக நோட்டில் "நிலவை நெருங்கினோம்" என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, பக்கத்து மாவட்டத்தில் ஒரு சின்னக் குழந்தை மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்துவிட்டது. அதைப் பற்றி விரிவாக எழுத எனக்குக் கை வரவில்லை. தமிழ்நாடே நாலு நாள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊரில் ஒரு வெடிச் சத்தம் கேட்கவில்லை. கோயில் கதவைச் சாத்தவேயில்லை. பெண்கள் முறை வைத்து ஜெபமாலை சொன்னார்கள். குழந்தையை உயிரோடு எடுக்க முடியவில்லை.

அந்த நாலு நாளில் இரண்டாவது நாள். எங்கள் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லியிருந்தோம். என் மகள் எப்படியோ வந்து என் முதுகில் சாய்ந்துகொண்டு பார்த்திருக்கிறாள். திரையில் அந்த ஓட்டையின் வாயைக் காட்டினார்கள்.

"அம்மா, இதே மாதிரி எங்க ஓட்டையில கல்லு போட்டா சத்தமே வராது" என்றாள்.

யாரோ டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். நான் திரும்பி அவளைப் பிடித்த பிடியில் அவள் கை சிவந்துவிட்டது. "எங்கடி? எந்த ஓட்டை?" என்றேன். அவள் பயந்து போய் என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க மூடியாச்சுன்னீங்க."

"சாக்குப் போட்டு மூடித்தான் வச்சிருக்கேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

கொல்லைக்கு ஓடினோம். டி.வி. பார்த்த அத்தனை பேரும் பின்னால் வந்தார்கள். வேம்புக்குப் பக்கத்தில் சாக்கு இருந்தது. மேலே வைத்த கல் ஒரு ஓரமாக உருண்டு கிடந்தது. சாக்கின் நடுப்பகுதி மழையில் ஊறி உள்ளே தொங்கியது. அதன் மேல் ஒரு பிள்ளை கால் வைத்திருந்தால் போதும். அவர் சாக்கை விலக்கிவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். நான் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இதுதானா சாமி? இங்கதான் கல்லு போட்டியா?" என்று கேட்டேன்.

அவள் இறங்க வேண்டும் என்றாள். விடாமல் பிடித்துக்கொண்டே குனிந்தேன். அவள் ஒரு சின்னக் கல்லை எடுத்து உள்ளே போட்டாள். டொக், டொக் என்று இடித்துக்கொண்டே போய், எங்கோ ஆழத்தில் ஒரு தடவை பொத்தென்று கேட்டது.

"இது இல்லம்மா" என்றாள். "இது சத்தம் போடுது. அது சத்தமே போடாது."

அதற்குப் பிறகு அன்றைக்கு நடந்தது எதுவும் எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. எங்கள் ஓட்டையை ராத்திரிக்குள் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துவிட்டார்கள். யாரும் மந்திரித்த இடம் என்று பேசவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், ஆனாலும் செய்தோம். அடுத்த வாரம் அதிகாரிகள் வந்து ஊர் ஊராகக் கேட்டார்கள். அபராதம் போடுவார்கள் என்று பயந்து பலர், எங்க கொல்லையில் போரே கிடையாது என்று சாதித்தார்கள். போட்டபோது ஊரைக் கூட்டி மந்திரித்தவர்கள் அவர்கள்.

ஃபாதர்தான் வழி சொன்னார். "டீச்சர், உங்க நோட்டுல இருக்குமே. வருஷா வருஷம் வாசிக்கிறீங்களே."

நோட்டுகளை எடுத்துக்கொண்டு கோயிலில் உட்கார்ந்தோம். ஃபாதர், கணக்கப்பிள்ளை, என் வீட்டுக்காரர், நான். நான் பெருமையாக வாசித்த ஒவ்வொரு எண்ணும் இப்போது ஒரு ஓட்டை. ஒவ்வொரு வருஷத்துக்கும் யார் யார் போட்டார்கள் என்று நினைவுபடுத்தி, ஆளைக் கூப்பிட்டு, ஃபாதர் முன்னால் உண்மையைச் சொல்ல வைத்து, போய்ப் பார்த்து மூடினோம். பொய் சொன்னவர்கள்கூட நோட்டைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள். பத்து நாளில் எல்லாக் கணக்கும் நேராகிவிட்டது, ஒரு வருஷத்தைத் தவிர.

இரண்டாயிரத்துப் பதினாறு. மழை பொய்த்த வருஷம். அந்தப் பக்கத்தில் "ஆறு" என்று எழுதி, அதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே "ஏழு" என்று எழுதியிருந்தேன். ஆறு பேரின் பெயரும் ஆறு இடமும் கிடைத்துவிட்டன. ஏழாவது யாருடையது?

"யாரு சொல்லித் திருத்துனீங்க டீச்சர்?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. வழிபாடு ஆரம்பிக்கிற நேரத்தில் யாரோ வந்து, "இன்னொண்ணு சேத்துக்கங்க டீச்சர்" என்று காதில் சொன்ன மாதிரி ஒரு ஞாபகம். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. வேறொரு ஞாபகமும் இருக்கிறது. அதை அவர்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறு என்பதை விட ஏழு என்றால் வாசிக்க நன்றாக இருக்கும், ஏழு வேதத்தில் நிறைவான எண் என்று நானே நினைத்தேனோ? யாரும் சொல்லாமலே நானே கூட்டினேனோ? ஒரு பேரை எழுதி வைத்திருந்தால் தீர்ந்தது. எனக்கு எண்ணிக்கை போதுமானதாக இருந்தது. பேர் கேட்கவில்லை.

நானே கூட்டிய எண்ணாக இருந்தால் ஏழாவது போர் என்று ஒன்று இல்லவே இல்லை. அப்படி இருக்க வேண்டும் என்று எத்தனை ஜெபமாலை சொன்னேனோ. ஆனால் நாங்கள் மூடியவற்றில் எதைக் காட்டினாலும் அது இல்லை என்றாள் என் மகள். அவள் ஒரு ஓட்டையில் கல் போட்டிருக்கிறாள். சத்தம் வரவில்லை.

கரிக்காட்டுப் பிள்ளைகளோடு அவள் சுற்றித் திரிந்த கிழக்கு முள்ளுக்காட்டுக்கு அவளை அழைத்துக்கொண்டு போனோம். ஆண்கள் அரிவாளும் நீளக் கம்புமாக வந்தார்கள். கரிமூட்டக்காரர்கள் வெட்டிய இடமெல்லாம் மழையில் மறுபடி இடுப்பளவுக்குத் தழைத்திருந்தது. "மஞ்சப் பூவுக்குப் பக்கத்துல" என்றாள் மகள். அங்கே எல்லாமே மஞ்சள் பூ. ஆவாரை மஞ்சள், கருவேலம் மஞ்சள், நெருஞ்சி மஞ்சள். ஒரு இடத்தைக் காட்டினாள். கடப்பாரையால் குத்திப் பார்த்தார்கள், வெறும் தரை. மறுநாள் வேறு இடத்தைக் காட்டினாள். அதுவும் இல்லை. கரிக்குடும்பத்தை அழைத்து வந்த காண்ட்ராக்டரிடம் கேட்டால், அவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது, போன் அணைத்துக் கிடக்கிறது என்றார். ஜே.சி.பி. விட்டுத் தள்ளிவிடலாமா என்று கேட்டதற்கு, வண்டி ஓட்டுகிறவரே வேண்டாம் என்றார். "மேல்மண்ணு ஓட்டையை மறைச்சிரும். ஒரு மழைக்கு உள்வாங்குச்சுன்னா நிக்கிற ஆளு தெரியாம உள்ள போயிருவான்." நிலத்துக்காரர்களின் விலாசமும் யாரிடமும் இல்லை.

தினமும் அவளைக் கேட்டேன். சோறு ஊட்டும்போது, தலை பின்னும்போது, தூங்க வைக்கும்போது. எத்தனை கல் போட்டீங்க? கூட யாரு நின்னா? வெயில் எந்தப் பக்கம் அடிச்சிச்சு? முதலில் பதில் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, நான் சந்தோஷப்படுகிற மாதிரி பதில் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு நாள் என் வீட்டுக்காரர் பொறுக்காமல் அதட்டிவிட்டார். அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அதோடு அந்தப் பேச்சே அவளிடமிருந்து வரவில்லை. நான்தான் கேட்டுக் கேட்டே அவள் ஞாபகத்தை அழித்துவிட்டேன். சிலேட்டை ஈரத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்த கதைதான்.

அதற்குப் பிறகு அந்த வருஷத்தில் மிச்சமிருந்த இரண்டு மாதமும் எனக்குச் சத்தங்களாகத்தான் நினைவில் இருக்கின்றன. பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டால் வேலை ஓடும். சத்தம் நின்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்து பார்ப்பேன். ஊரில் எல்லோரும் கொஞ்ச நாள் அப்படி இருந்தார்கள். பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் நின்ற இரண்டு பேருமே தெருவுக்கு ஒரு போர் போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். கை தட்டினார்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம். எங்கள் பக்கத்தில் வளையமாகவே தெரியும் என்று சொன்னார்கள். மந்திரி முதல் மாடு மேய்க்கிறவர் வரைக்கும் கண்ணாடி தேடினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திப் பிள்ளைகளை உள்ளே அடைத்துவிட்டார்கள். பகலிலேயே வெளிச்சம் மங்கி, காக்காய் கத்துவதை நிறுத்தியது. அட்டையில் துளை போட்டுச் சுவரில் விழுந்த வளையத்தை மகளுக்குக் காட்டினேன். "சூரியனுக்கும் மூடி போட்டுட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். ஊரே எதையெதையோ மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிள்ளை. எல்லோரும் கிரகணத்துக்குப் பயந்துகொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளைகூட வெளியில் இல்லாத அந்த மூன்று மணி நேரம்தான், அந்த வருஷக் கடைசியில் நான் நிம்மதியாக மூச்சுவிட்ட நேரம்.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் அறிக்கை வாசித்தேன். உலகம் என்ற பகுதியில் எரிந்த கோயிலையும் வெடித்த கோயில்களையும் எழுதியிருந்தேன். அந்த வருஷத்தின் பெரிய செய்தி அதில் இல்லை. எங்கோ ஒரு தூரத்து ஊரில் நாலு பேருக்கு மூச்சுத் திணறல் என்று அது அப்போதுதான் வாய் திறந்துகொண்டிருந்தது. எங்களுக்கு என்ன தெரியும்? ஜல்லிக்கட்டில் சாதனையோடு சாவையும் வாசித்தேன். நிலாவில் கலம் விழுந்துவிட்டது என்று வாசித்தேன். கணக்கப்பிள்ளை நெளிந்தார். கடைசியில், "நம் ஊரில் மூடப்படாத ஆழ்துளைக் கிணறு ஒன்று இருக்கிறது. அது எங்கே என்று தெரியவில்லை. அதை எண்ணிக்கையில் சேர்த்தவள் நான். பேர் கேட்காமல் சேர்த்தேன்" என்று வாசித்தேன்.

யாரும் நன்றி ஆண்டவரே என்று சொல்லவில்லை. பழக்க தோஷத்தில் ஒரே ஒரு கிழவர் மட்டும் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். வெளியே வந்ததும் பெண்கள் என்னை விட்டு ஒதுங்கிப் போனார்கள். நல்ல நாள் அதுவுமாக இதை எதற்கு வாசிக்க வேண்டும் என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. அவளுக்கும் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

அடுத்த வருஷம் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது, பிள்ளைகள் மாதக் கணக்கில் முள்ளுக்காட்டில் திரிந்தார்கள். வீட்டுக்குள் இருக்கும்படி உலகத்துக்கே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் நான் வாசலில் நின்றபடி வேறொன்றுக்குப் பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷ அறிக்கையிலும் அந்த ஒரு வரியை விடாமல் எழுதி வாசிக்கிறேன். இப்போது யாரும் நெளிவதில்லை. பழகிவிட்டது. போன வருஷம் அதற்கும் நன்றி ஆண்டவரே என்று சொன்னார்கள்.

இந்த வருஷத்து அறிக்கையைப் போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழுதிக்கொண்டிருந்தேன். மகளுக்கு இப்போது பத்து வயசு. நான் எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பிழை பார்ப்பது அவள் வேலை. அந்த வரி வந்ததும் நிறுத்தினாள்.

"இது என்னம்மா, வருஷா வருஷம் இதையே எழுதுற?"

ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக முழுக் கதையையும் அவளுக்குச் சொன்னேன். டி.வி., சாக்கு, கல், மஞ்சப் பூ. கண்ணை விரித்துக்கொண்டு யாரோ ஒரு பிள்ளையின் கதையைக் கேட்பது போலக் கேட்டாள்.

"நானா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லையே."

"கரிக்காட்டுப் பிள்ளைகளோட போனியே. ரெண்டு அக்கா."

"எந்த அக்கா?" என்றாள். பிறகு, "சும்மா சொல்லியிருப்பேம்மா. சின்னப் பிள்ளைங்க அப்படித்தான எதாச்சும் சொல்லும்" என்றாள். பேனாவை எடுத்தாள். "அப்ப இந்த வரிய அடிச்சிரவா?"

அடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஏழாவதை நான் கூட்டினேன், சத்தம் வராத ஓட்டையை அவள் கூட்டினாள், அவ்வளவுதான், ஒன்றுமே இல்லை. கிழக்கே முள்ளுக்காட்டுப் பக்கத்திலிருந்து தெருப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிற கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

கூச்சல் நின்றது.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். செருப்புப் போடவில்லை. தெரு முனை வரைக்கும் ஓடியிருப்பேன். முள்ளுக்கு நடுவே இருக்கிற ஒற்றையடிப் பாதையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள், தலையெல்லாம் மஞ்சள் பூ உதிர்ந்து. எண்ணினேன். ஆறு பேர்.

"போகையில எத்தனை பேரு போனீங்க?" என்று கேட்டேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.